ப-1 ஆகிய நான்

கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் தொழிலில் பழகியவர்கள் போய்விடுவார்கள், பழக்கியவன் இடதுபக்க சீட்டிலேயே கிடப்பான். எனக்குப் பெரிய துரோகம் செய்தவர் ஜெசிந்தா டீச்சர். அதற்கு முன்னும் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைப் புத்தகமாக பைண்டு பண்ணிக் கொடுத்தவர் இவர்தான். சொல்லிக் கொடுத்துவிட்டு வாயைப் பார்த்து நிற்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

நாயும் மணியும்

ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு எம்.எட். படித்துக்கொண்டிருந்தார். கார் பழக வந்தவர், "நீங்க எப்படிச் சொல்லிக் குடுக்குறீகன்னு பார்த்து ஆய்வு எழுதப் போறேன் மாஸ்டர்" என்றார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். என்னைப் பார்த்து எழுதப் போகிறார்கள் என்றதும் மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

மனிதன் எப்படிக் கற்கிறான் என்பதற்குப் பல கொள்கைகள் உண்டாம். ஒன்றில், மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கிய நாய்க்குப் பிறகு மணியடித்தாலே எச்சில் ஊறுமாம். நான் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினால் பழகுகிறவர் பிரேக்கை மிதிப்பதும் அந்த வகைதானாம். "அப்ப என் தட்டுதான் மணி. நாய் யாரு டீச்சர்?" என்று கேட்டேன்.

"அந்த இடத்தைத்தான் மாஸ்டர் நானே இன்னும் எழுதாம வச்சிருக்கேன்."

கடலைமிட்டாய்

அடுத்த கொள்கை, திட்டக் கூடாது. சரியாகச் செய்த உடனே பரிசு கொடுக்க வேண்டும். ஒரு வாரம் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. என் பிழைப்பே வாயில்தான் இருக்கிறது. இருந்தாலும், படித்தவர் சொல்கிறாரே என்று மூடிக்கொண்டேன்.

அப்போது கொத்தமங்கலத்து ஆச்சி ஒருவர் பழகிக்கொண்டிருந்தார். மகன் வாங்கிக் கொடுத்த கார் வீட்டு வாசலில் வெயில் காய்கிறதே என்று அறுபத்திரண்டு வயதில் இறங்கியவர். டீச்சர் பின்சீட்டில் நோட்டும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயுமாக உட்கார்ந்துகொண்டார். கியர் சரியாக விழுந்தால் ஒரு மிட்டாய். ஆச்சிக்குக் கியர் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கையைப் பின்னால் நீட்டினார். சாக்கோட்டை ரோட்டில் எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் வைக்கோல் லாரி, ஒரே ஹாரன் சத்தம். ஒரு வாரக் கட்டுப்பாட்டை உடைத்து, "ஆச்சி, வண்டியை எடுங்க!" என்று கத்தினேன்.

"பஸ்காரன் நிக்கட்டும் மாஸ்டர், மூணாவது கியருக்கு உள்ளது இன்னும் வரலை."

சப்பணம்

பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். முதல் பத்து நாள் பாதி வண்டியை ஓட்டுவது நான்தான். பழகுகிறவர் தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். அப்புறம் காலை மெல்ல மெல்ல எடுப்பேன். முதலில் கிளச்சை விடுவேன், பிறகு பிரேக்கை. சொல்ல மாட்டேன். சொன்னால் பயம் வந்துவிடும்.

ஜெசிந்தா டீச்சருக்கும் அப்படித்தான். செக்காலை ரோட்டில் சாயங்கால நெரிசல். ஆட்டோ, மாடு, நடுவில் நின்று போன் பேசுகிறவர் எல்லாரையும் தாண்டி அழகாக வந்தார். பெட்ரோல் பங்க் பக்கம் ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "எப்ப இருந்து?" என்று அலறினார். "நேத்துல இருந்து" என்றேன். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே நோட்டை எடுத்தார். கட்டடத்துக்குச் சாரம் கட்டி, நிற்கத் தொடங்கியதும் பிரிக்கிற மாதிரி கற்பிப்பதுதான் கொள்கைகளிலேயே பெரிய கொள்கையாம். வகுப்பில் ஒரு வருசமாகப் புரியாதது இப்போது புரிந்துவிட்டதாம்.

"ஒரு அத்தியாயமே உங்களாலதான் மாஸ்டர், முதல் பக்கத்துல உங்க பேரு வரும் பாருங்க."

முதல் பக்கம்

வந்தது. சிவப்பு அட்டை, தங்க எழுத்து. எல்லாம் இங்கிலீஷ் என்பதால் மருமகளைப் படிக்கச் சொன்னேன். நன்றிப் பக்கத்தில் பேராசிரியர், கணவர், மாமியார், பைண்டிங் கடைக்காரர் வரை இருந்தார்கள். நான் இல்லை. உள்ளே தேடினால், "முறையான கல்வி இல்லாத ப-1 என்ற பயிற்சியாளர்" என்று ஒருவன் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆய்வில் பங்கேற்றவர்களுக்கெல்லாம் பேருக்குப் பதில் 'ப' போட்டு நம்பராம், ஆச்சிக்கு ப-2. ஆச்சி, "எனக்கு ரெண்டாவது இடமா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

டீச்சர் வீட்டுக்கே போனேன். ஆய்வில் தகவல் தந்தவர் பேரை மறைக்க வேண்டும் என்பது விதியாம். "காரு கூரையில என் பேரைப் பெருசா எழுதி ஊர் பூரா ஓட்டுறேன். யாருகிட்ட டீச்சர் மறைக்கிறீக?" என்றேன். காபி கொடுத்தார். அச்சடிக்க வேண்டாம், கல்லூரி நூலகத்தில் இருக்கிற பிரதியிலாவது வெள்ளைச்சாமி என்று பேனாவால் ஒரு வரி எழுதிவிடுங்கள் என்று கேட்டேன். டீச்சர் பதறிவிட்டார்.

"அய்யய்யோ, லைப்ரரி புத்தகத்துல கிறுக்கக் கூடாது மாஸ்டர்!"

ஆக, மனிதன் எப்படிக் கற்கிறான் என்பதற்கு இத்தனை கொள்கை வைத்திருக்கிறவர்களிடம், கற்றுக்கொடுத்தவன் பேரை எங்கே எழுதுவது என்பதற்கு ஒன்றுகூட இல்லை, என் வரி இன்னும் பாக்கி.