காய்ச்சல் விட்ட பிறகு

“அம்மப்பா, கண்ணுக்குப் பின்னாலை நோகுது.”

ஐந்து வயது மாயாவுக்குக் காய்ச்சல் இப்படித்தான் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஜேர்மனியின் வுப்பர்டாலில் முதலில் ஒரு டெர்மின் (டொக்டரைப் பார்க்க முன்பதிவு) எடுக்க வேண்டும். நான் மருந்துப் பெட்டியைத் திறந்தேன். யாழ்ப்பாணத்துக்காரன், படிக்காமலே பாதி டொக்டர்.

“இபுபுரோஃபன் குடுக்கட்டோ?”

“அப்பா, சும்மா இருங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறம்,” என்றாள் மகள்.

என் வைத்திய வாழ்க்கை அத்துடன் முடிந்தது. நல்லதாய்ப் போயிற்று. டெங்கு என்றால் அந்த மாத்திரை இரத்தக்கசிவைக் கூட்டிவிடக்கூடும் என்று பிறகு அறிந்தேன்.

மாயாவின் தகப்பன் இஸ்ஸா, புர்கினா ஃபாசோவில் ஒரு கிராமத்தவர். மகளும் மாயாவும் அவருமாக அங்கே அவருடைய அண்ணன் வீட்டில் நின்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். இரவில் ஒழுங்காக நுளம்பு (கொசு) வலைக்குள் படுத்தார்களாம். பகலில், தண்ணீர்ச் சாடிகள் வைத்த முற்றத்தில், அண்ணனின் நான்கு வயது மகன் யக்கூபாவோடு மாயா விளையாடினாள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்று அவர்களை வழியனுப்பியபோது எனக்கு நினைவு வரவில்லை. சூட்கேஸ் நிறையை மட்டும் மூன்று தரம் சரிபார்த்தேன்.

முதற் சோதனை மலேரியா இல்லை என்றது. அடுத்தது டெங்கு என்றது. மாயாவை வார்டில் வைத்துக்கொண்டார்கள். அதே நாட்களில் யக்கூபாவுக்கும் காய்ச்சல். அங்கே காய்ச்சல் என்றால் மலேரியா. சோதிக்க வசதியில்லாத இடத்தில் வேறென்ன நினைப்பது? டெங்காக இருக்கலாம் என்று இஸ்ஸா போனில் சொன்னார். ஓய்வு, தண்ணீர், காத்திருப்பு. அவ்வளவுதான் எங்களுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு காலை மாயாவின் நெற்றி குளிர்ந்திருந்தது. இஸ்ஸா உடனே கிராமத்துக்குப் போன் எடுத்தார். பேசி முடித்துக் கண்கலங்கச் சிரித்தார்.

“மாமா, அவருக்கும் விட்டிட்டுதாம். இப்ப நல்ல நித்திரையாம்.”

நாலு வயதுப் பொடியனை ‘அவர்’ என்கிற இஸ்ஸாவின் தமிழ் என் மகளிடம் கற்றது.

“நல்லாப் படுக்கட்டும்,” என்றேன்.

கோப்பி வாங்கி வந்தோம். டொக்டர் வந்தார், இளம் பெண். எங்கள் முகங்களைப் பார்த்தும் அவர் சிரிக்கவில்லை.

“காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். இனி வரும் ஓரிரு நாள்தான் ஆபத்து.”

பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) குழாய்களிலிருந்து கசியலாம். பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் நுண்ணணுக்கள்) குறையலாம். கவனிக்க வேண்டியவை: வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் முரசில் (ஈறில்) இரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல். அளவுக்கு மீறிய தூக்கம். அந்தச் சொல்லில் இஸ்ஸா கோப்பியை என் கையில் திணித்துவிட்டுப் போனோடு வெளியே ஓடினார்.

அவருடைய மொழி எனக்குத் தெரியாது. ஆனால், ‘எழுப்பு, எழுப்பு’ என்று ஒருவர் கத்துவது எந்த மொழியிலும் விளங்கும்.

அன்று பின்னேரம் மாயாவுக்கு வயிறு நொந்தது. தாதி வந்து சேலைன் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். விரலின் சிறு அசைவு. அதற்குப் பெயர்தான் சிகிச்சை என்றார்கள். யக்கூபாவுக்கு அந்த விரல் மோட்டார் சைக்கிளில் அரை நாள் தூரத்தில் இருந்தது. கொண்டுபோகும் வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது.

“நான் சொன்னது பிந்திப்போச்சோ, மாமா?”

இல்லை என்றேன். எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

மாயா தேறிவிட்டாள். சில வாரம் படியேறக் களைத்தாள், இப்போது என்னை முந்துகிறாள். அது பெரிய சாதனையல்ல. என் உடம்புதான் பழைய கணக்கை மறந்துவிட்டது. சூடு என்றால் பயம், குளிர்ந்தால் நிம்மதி என்று ஐம்பது வருடம் பழகிய கை, இப்போது குளிர்ந்த நெற்றியிலிருந்து எழ மறுக்கிறது. மற்றவர்களுக்கு முடிந்துபோகிற இடத்தில் எனக்கு நேரம் ஓடத் தொடங்குகிறது.

வெயில் நாடுகளுக்குப் பிள்ளைகளோடு போய் வருகிறவர்கள் சிலவேளை என்னிடம் சொல்கிறார்கள்.

“காய்ச்சல் விட்டிட்டுது அண்ணை. நல்ல நித்திரை.”

“ஒருக்கா எழுப்பிப் பாருங்கோ,” என்கிறேன்.