புலி வாயில் தலை வைத்தவர்

எதிர்ச் சுவரில், ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பயில்வானின் படத்தை ஒட்டுகிறார்கள். பசையின் புளித்த வாசம் என்னைச் சிறுவயதுக்கு, தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக்கு இழுத்துப்போகிறது.

அங்கே என் அப்பா, நைனா, சுரங்க வாசலில் காவல். தங்கம் ஒளித்திருப்பார்களோ என்று, வெளியே வருபவர்களின் வாய்க்குள்ளும் பார்ப்பார். ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த சர்க்கஸ் நோட்டீஸில் புலி வாய்க்குள் தலை வைத்திருந்த வீரர், ஒருநாள் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வாயத் தொறங்க,” என்றார் நைனா.

வீரர் பயந்து இரண்டடி பின்வாங்கினார். நைனா சந்தேகப்பட்டு இரண்டு முறை சோதித்தார். ஒன்றுமில்லை.

“இன்னா நைனா, இவரா புலிகிட்ட தலய குடுக்கறவரு?” என்றேன், பக்கத்தில் நின்றிருந்த நான்.

“அந்தப் புலிக்குப் பல்லு கீதான்னு பாரு.”

சர்க்கஸில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நான் புலியின் வாயைப் பார்த்தேன்.

இப்போதும் பயில்வானை விட்டு, தூக்கப்பட்டவன் முகத்தைப் பார்க்கிறேன். சிரிப்பை அடக்குகிற மாதிரிதான் தெரிகிறது.