விரலுக்குத் தெரிந்த நம்பர்

எங்கள் ஷூ கம்பெனியில் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த ஹெப்சிக்கு எதையும் அப்படியே விட்டுவைக்கத் தெரியாது. இது ஏன் இப்படி என்று குடைந்துகொண்டே இருப்பாள். 2004இல் சம்பளத்தை பாங்கில் போடத் தொடங்கி, எல்லோர் கையிலும் ஏடிஎம் கார்டைத் திணித்தார்கள். ரகசிய நம்பர் ஒட்டிய கவரில் வந்தது. யாரிடமும் சொல்லாதே, எங்கும் எழுதி வைக்காதே என்றார்கள். படிக்கத் தெரியாதவள் என்ன செய்வாள்? அதை எந்த மகராசனும் யோசிக்கவில்லை. ஹெப்சிதான் யோசித்தாள்.

தையல் லைனில் என் பக்கத்து மெஷின் கோவிந்தம்மாள். எண் படிக்கத் தெரியாது, ஆனால் ஒருமுறை செய்ததை அவள் விரல் மறக்காது. ஹெப்சி தன் கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கவருக்குள் இருந்த சீட்டின் எண் உருவங்களைப் பொத்தானில் தேடித் தேடி கோவிந்தம்மாள் அழுத்தினாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே வேலை. விரல் பழகியதும் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டாள்.

கோவிந்தம்மாளின் மகள் ஷர்மிளாவுக்கு நர்சிங் காலேஜில் சீட் கிடைத்தது. பணம் கட்டக் கடைசி நாளன்று பெண் வேலூரில் காத்திருக்க, நாங்கள் மூவரும் பர்மிஷன் போட்டு ஆம்பூர் பஜார் ஏடிஎம்முக்கு ஓடினோம்.

அதுவரை கோவிந்தம்மாள் கார்டை மெஷினில் போட்டதே இல்லை. முதல் தடவை தப்பு என்றது. இரண்டாவது தடவையும் அதேதான்.

"இன்னா ஹெப்சி இது? கரெக்டாதான அமுக்கினேன்?"

"இன்னொரு வாட்டி தப்பானா கார்டை முழுங்கிடும்கா. இருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை உதைத்திருப்பேன். ஹெப்சி மட்டும் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து, மெஷின் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தாள்.

"அட கடவுளே. இதுல ஏழு மேல இருக்குது, அதுல ஒண்ணு மேல இருக்குது. நான் தலைகீழா பழக்கிட்டேன்கா."

"இப்ப இன்னா பண்றது?"

"மேல் வரிசைய கீழ அமுக்குங்க. கீழ் வரிசைய மேல அமுக்குங்க. நடு வரிசை அப்படியே."

கோவிந்தம்மாள் முதலில் காற்றில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அழுத்தினாள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. நோட்டுகள் வந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பணத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடப் போனவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"ஹெப்சி, நான் அமுக்கினத நீ பாக்கலயே?"

"இல்லக்கா. சுவத்தப் பாத்துட்டுதான் நின்னேன்."

"கோச்சிக்காத. சம்பளக் கவர் வந்த காலத்துல வீட்ல ஆளாளுக்கு கைய வுட்டாங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சதுன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."