கட்டபெட்டில் ஒரு கன்ட்ரி கச்சேரி

போன சனிக்கிழமை, ஊட்டிப் பக்கம் இருக்கிற கட்டபெட்டில் கன்ட்ரி மியூசிக் கேட்கப் போனேன். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் குதிரை, தொப்பி, கிடார் சகிதம் சோகமாகப் பாடுவார்களே... அதேதான். இங்கே குதிரைக்குப் பதில் தேயிலை லாரி. தொப்பிக்குப் பதில் மங்கி குல்லா.

பாடியவர் ரஹீம் பாய். எழுபதைத் தாண்டியவர், அந்த ஊர்த் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இளம் வயதில் மேனேஜர் பங்களாவில் ஏதோ ரிப்பேர் பார்க்கப் போனபோது, ரெக்கார்டில் அந்த இசையைக் கேட்டிருக்கிறார். அது விடவே இல்லை. தமிழில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு... 'லீவு கேட்டேன் தொரைகிட்ட, மழைய குடுத்தாரு' என்ற அவர் பாட்டை பாத்ரூமில் பாடாதவர் அந்தப் பக்கம் உண்டா? நானும் பாடுவேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ஒரே சிக்கல். போன வருடம் ஊட்டியில் ஒரு விருந்தில் பாடினாராம். சாப்பாடு ரெடி என்றதும், பாதிப் பாட்டில் மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது. மனிதர் நொறுங்கிப் போனார். அன்று உறையில் போட்ட கிடாரை இப்போதுதான் மறுபடி எடுத்திருக்கிறார்.

"ஏனுங்க, இன்னைக்கும் நடுவால எந்திரிச்சுப் போனாங்கன்னா, கிடாரை பேரன்கிட்ட குடுத்துருவேனுங்க. கிரிக்கெட்டாவது ஆடட்டும்" என்றார் மேடை ஏறும் முன்.

"ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க பாய். நான் கேரண்டி!"

"நம்பாதீங்க பாய்" என்றாள் என் மனைவி. "இவரு கேரண்டிய நம்பித்தான் நானு கழுத்த நீட்டுனேன்."

கம்யூனிட்டி ஹால் நிறைந்திருந்தது. பெரும்பாலும் அவரோடு ஃபேக்டரியிலும் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்தவர்கள். பாய் புதுப் பாட்டைத் தொடங்கினார். குரலில் கரகரப்பு. மனைவி போன பிறகு தனியாக டீ போடுகிற ஒருவரின் பாட்டு. 'ரெண்டு கிளாஸ் கழுவி வெச்சேன்...' என்று அவர் இழுக்க, ஹால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நொடியில் —

ஊ...ஊ...ஊ!

பக்கத்து ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிகிற சங்கு.

அவ்வளவுதான். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சடாரென்று எழுந்துவிட்டார்கள்! ஆயுசு முழுக்கச் சங்குக்குப் பழகிய கால்கள் மூளையிடம் அனுமதி கேட்குமா? இதில் கொடுமை — ஒரு நாள்கூட ஷிஃப்ட் பார்த்திராத நானும் எழுந்து நின்றேன். வேலை முடிந்தது என்றால் மட்டும் எனக்கு எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும்.

"ஏனுங்க... கேரண்டி!" மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஐயோ, பாய்! பயந்துகொண்டே மேடையைப் பார்த்தேன்.

பாயும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கிடாரை ஸ்டூலில் சாய்த்துவிட்டு, குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி!

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

"பாய், நீங்களே கிளம்பிட்டா அந்தப் பாட்ட யாருங்க முடிக்கறது?" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா. ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. அதிகம் சிரித்தவர் பாய்தான். மூச்சு வாங்க உட்கார்ந்து, கிடாரை மடியில் எடுத்தார்.

"சரிங்க. ஷிஃப்ட் முடிஞ்சுது. இனி பாடறதெல்லாம் ஓவர்டைம்."

கைதட்டலோடு விசில் பறந்தது. அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தவர், இருட்டும்வரை நிறுத்தவில்லை.

ஓவர்டைம் என்றதும் கைதட்டிய தொழிலாளர்களை இந்த மலையில் எந்தத் துரையும் பார்த்திருக்க மாட்டார்!