நாற்பதில் ஒன்று

காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் காதுமிஷின் அக்கா. விடுமுறை வந்தால் சாப்பாட்டு மேஜையை ஒழித்துப்போட்டு, கிடாருக்கான பெடல் செய்ய உட்கார்ந்துவிடுவாள். காலால் அமுக்கினால் கிடாரின் குரலையே மாற்றிவிடும் சின்ன அலுமினியப் பெட்டி அது. "இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்பவர்களிடம், "நிம்மதி. நீங்க வந்தா அதுவும் போகுது" என்பாள். வாய் அப்படி.

கச்சேரிகளில் கிடார் வாசிக்கும் தம்பிக்கென்று செய்த பெடலுக்கு நான்கு மாதம் பிடித்தது. அதன் உயிர், சத்தத்தைப் பெருக்கும் பட்டாணி அளவு டிரான்சிஸ்டர் ஒன்றில் இருந்தது. பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய நாற்பது டிரான்சிஸ்டர்கள் அவளிடம் ஒரு டப்பாவில் இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. பெடலில் செருகினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பாடும். ஒன்றொன்றாகச் செருகி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அந்த ஒன்றைப் பொறுக்கினாள். தொண்டை கட்டியவர் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம்.

கச்சேரியில் அந்தச் சத்தம் கிளம்பியதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "இந்தப் பெடல் நானே என் கையால செஞ்சது," என்றான் தம்பி, மைக்கில். மூன்றாவது வரிசையில் இருந்தவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. பக்கத்தில் அவள் கணவர் வேறு கைதட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, ஒன்றுமே நடக்காத மாதிரி பெடலோடு வந்து நின்றான் தம்பி.

"அக்கா, எங்க பேஸ் கிடார்காரனுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். வெளியில தெரியாம பண்ணிக் குடேன்."

"ஏன், நீதானே உன் கையால செஞ்ச?"

"மேடையில ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா. அக்கா செஞ்சதுன்னா எவன் நம்புவான்?"

"நம்ப மாட்டானா? கொண்டா அதை."

நான்கு திருகுகளையும் கழற்றினாள். அந்த டிரான்சிஸ்டரை விரலாலேயே பிடுங்கி டப்பாவில் போட்டு, மூடிக் குலுக்கினாள். ஆத்திரம் தீரும்வரை குலுக்கினாள், தீரவில்லை.

"இந்தா. செஞ்சவனுக்குத் தெரியாதா? எதுன்னு நீயே எடுத்து மாட்டிக்கோ."

"அக்கா! சாயங்காலம் கச்சேரி இருக்கு!"

"காது இருக்குல்ல? கேட்டுப் பாரு."

அவன் டப்பாவைக் கிளறினான். முகம் தொங்கிப்போயிற்று. கடைசியில் ஒன்றைப் பொறுக்கி அவள் முன்னால் நீட்டினான். "இதுதானேக்கா?"

குலுக்கிய பிறகு அவளுக்கும் தெரியாது. நாற்பதையும் மறுபடி முதலிலிருந்து கேட்டால்தான் உண்டு.

"என்னைக் கேட்டா?" என்றாள். "நானா செஞ்சேன்?"