ஆட்டிடம் மட்டும் பேசிய தமிழ்

செஞ்சிக் கோட்டை எந்தெந்த ஆண்டில் யார் யார் கைக்கு மாறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் தமிழ் நிறுத்தப்பட்ட நாள் மட்டும் பிடிபடுவதில்லை. பொங்கலுக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பு அன்று தொட்டால் இன்னும் கையில் ஒட்டியது. ஆகவே தை மாதம் என்று கொள்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு. தங்கை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

நைனா அரிசி ஆலையில் மூட்டைகளுக்கு எடை போடுபவர். முதலாளியின் பேரப்பிள்ளைகள் பேசிய இங்கிலீஷைக் கேட்டுவிட்டு வந்தவர், சோற்றில் கை வைக்கும் முன்பே அறிவித்தார்.

"இனிமே பாப்பாகிட்ட யாரும் தமிழ்ல பேசக்கூடாது. பெரியவதான் தமிழ் மீடியத்துல போயி வீணாப்பூட்டா."

பெரியவள் நான். காப்பாற்றும் காலம் கடந்துவிட்டதால் என்னோடு தமிழில் பேச அனுமதி இருந்தது.

"எனக்கு இன்னா இங்கிலீசு தெரியும்?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சத பேசு. தெரியலன்னா சும்மா இரு."

அம்மாவுக்குத் தெரிந்தவை கம், சிட், ஈட், நோ. அதுவரை குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் காக்கை, மலை, பஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாப்பாவுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் வாயடைத்துப்போனாள். தாலாட்டிலிருந்து சொற்களை எடுத்துவிட்டு, வெறும் ராகத்தை முனகித் தூங்கவைத்தாள். நைனா எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அதனால் நடந்தது எதுவும் குறைந்துவிடவில்லை.

கொல்லையில் முருங்கைமரத்தடியில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தோம். அதற்கு இந்தச் சட்டம் கிடையாது. தழை போடப் போகும்போதெல்லாம் அம்மா அதனிடம் ஒரு பாட்டம் பேசித் தீர்ப்பாள். பாப்பா பின்வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வயது முடிந்தும் பாப்பா ஒரு சொல் பேசவில்லை. "இங்கிலீசு திண்டிவனத்துல எறங்கி பஸ்சுக்கு நிக்குது போலண்ணா" என்றார் சித்தப்பா. நைனா சிரிக்கவில்லை.

திருவண்ணாமலை ரோட்டுப் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. சேர்க்க எல்லோரும் போனோம். தலைமையாசிரியை பெயரை இங்கிலீஷில் கேட்டார். பிறகு தமிழில் கேட்டார். பாப்பா மேசைமேல் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல கொழந்தகிட்ட பேசுவீங்களா, இல்லியாம்மா?"

அம்மா நைனாவைப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்லதான் மேடம் பேசுறோம்" என்றார் நைனா.

அடுத்த ஆண்டு அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே, மதில் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை ஓர் ஆடு கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. பாப்பா என் கையை உதறிவிட்டு ஓடி அதன் காதைப் பிடித்தாள்.

"சாப்டியாடி என் ராசாத்தி? வெயில்ல இன்னாத்துக்குடி நிக்கிற? வா, அம்மாகிட்ட வா."

அப்படியே அம்மாவின் குரல். நைனா அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினார். தலைமையாசிரியைக்கு எதிரில் பாப்பா வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது அம்மா மதிலோரம் குந்தி அழுதுகொண்டிருந்தாள். பாப்பா இறங்கிப் போய் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நோ" என்றாள்.

ஊர் பேர் தெரியாத ஆட்டிடம் அத்தனை பேசியவள், அம்மாவிடம் ஏன் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.