மொட்டை மாடியிலிருந்து இறங்கிய கார்

எங்கள் கார் ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு இடத்தில் இருந்தது. அடிச்சட்டமும் சக்கரங்களும் கீழே, நாங்கள் வாடகைக்கு இருந்த போர்ஷனின் முன்வாசலில். உடம்பு மட்டும் மொட்டை மாடியில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில். திருவொற்றியூரில் கடலை ஒட்டிய எங்கள் தெருவுக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், "மேல பாரு, மாடில கார் தெரியும், அந்த வூட்டாண்ட திரும்பு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் காரைக் கண்டுபிடித்தது என் கணவர். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூரில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள், அதன் ஷெட்டில் கூரையில்லாத குட்டிக் கார் ஒன்று கிடக்கிறது என்று சாப்பிடும்போது சும்மா சொல்லிவைத்தார். நான் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். யார் யார் வண்டிக்கோ போகிற பாகங்களை நாள் முழுக்க அளந்து அனுப்புகிறவளுக்கு, தனக்கென்று ஒரு வண்டியைப் பிரித்து மாட்ட வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

போய்ப் பார்த்தால் இங்கிலாந்துத் தயாரிப்பு, இரண்டே சீட், நீண்ட மூக்கு. வயதில் எனக்கு மூத்தது. உப்புக்காற்று தகரத்தை அப்பளமாக்கியிருந்தது. கதவுக்குக் கீழே தொட்டேன், தொட்ட இடம் கையோடு வந்தது.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றார் கணவர்.

"ஓட்டப் போறேன்."

"தள்ளப் போறேன்னு சொல்லு." சொல்லிவிட்டு, நண்பரின் மினி லாரிக்கு அவரே போன் போட்டார்.

தண்டையார்பேட்டையில் வண்டித் தகடு தட்டிச் சரிசெய்கிற டிங்கர் பாய் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கைகொடுத்தார். கதவுக்குக் கீழே இற்றுப்போன பகுதியை இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். கூரையில்லாத காருக்கு அந்தப் பகுதிதான் முதுகெலும்பு. அதை வெட்டினால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும் என்பதால் கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்திருந்தோம்.

மாடியில் இருந்த வீட்டுக்கார அக்காவுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். விடியுமுன் கிளம்பிப்போய், மதியம் வந்து அவர் கண்ணசருகிற நேரத்தில்தான் நாங்கள் தகடு தேய்க்கிற கிரைண்டரைப் போடுவோம். "ஒரு நாளாவது கம்முனு கீறியாமே நீ? பேஜாரா பூடுச்சி உன்னோட" என்று மேலிருந்தே கத்துவார்.

மழை வலுத்துத் தெருவில் தண்ணீர் ஏறியபோது, அடிச்சட்டத்திலிருந்து கழற்றி வைத்திருந்த உடம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நனைந்துகொண்டு நின்றேன். மேலிருந்து அதே குரல் வந்தது.

"பாத்துக்கினே நிக்கிற! தண்ணி பூந்தா திரும்பத் துருப் புடிக்காதா? மேல ஏத்து!"

அவருடைய தம்பிகள் ஃபைபர் படகில் மீன் தொழிலுக்குப் போகிறவர்கள். அவர்கள்தான் வந்து, கயிறு கட்டி, வெளிச்சுவர் வழியாக அதை மாடிக்கு இழுத்தார்கள். மழை விட்டு வெயில் வந்த பிறகு ஒருநாள் மேலே போனேன். சீட் இருக்கவேண்டிய இடத்தில் பேப்பர் விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

"யக்கா! பிரைமர் அடிச்சி வெச்சிருக்கேன்க்கா!"

"ஒரு காக்கா வரல பாரு. நல்ல எடம்" என்றார், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். கோபம் வரும் என்றுதான் நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. அந்த மழைக்குப் பிறகு கிரைண்டர் சத்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு காலை அதைக் கீழே இறக்கினோம். தம்பிகள் கைப்பிடிச் சுவரிலிருந்து தரைக்கு இரண்டு சவுக்குக் கழிகளைச் சாய்த்து, நடுவில் பழைய டயர்களைக் கட்டினார்கள். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அக்கா மாடியில் நின்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு அதிகாரம் செய்தார்.

"வுடு... வுடு... மெதுவா வுடு... புடிடா!"

பாதி வழியில் கயிறு ஒருபக்கம் வழுக்கி, மூக்கு அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கத் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் கணவர் கீழிருந்து எம்பி, அந்த மூக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அடிச்சட்டத்தின் மேல் அது இறங்குகிறவரை அவர் கையை எடுக்கவேயில்லை.

பின்பக்க போல்ட்டுகள் சொன்னபடி உட்கார்ந்தன. முன்பக்க ஓட்டைகள் அரை விரல் முன்னால் தள்ளி நின்றன. தூக்கி இறக்கினோம். சரியாகவில்லை. எல்லோரும் சேர்ந்து பின்னுக்குத் தள்ளிப் பார்த்தோம். அதற்கும் அசையவில்லை.

"ஒரு தட்டு தட்டுனா ஒக்காந்துரும்" என்று ஒருவர் சுத்தியலை எடுத்தார். நான் குறுக்கே கையை வைத்தேன். பாயும் தலையாட்டினார். கதவுகளை மாட்டிப் பார்த்தோம். இடைவெளி மேலே ஒட்டிக்கொண்டும் கீழே அகன்றும் இருந்தது. விரலை உள்ளே விட்டு மேலும் கீழும் ஓட்டியபோது எனக்கு விஷயம் புரிந்தது.

"பாய், நடுவுல தொங்குது. மாடில ரெண்டு முனையில மட்டும் கல்லு வெச்சிருந்தோம்ல? குழாய் இருந்தும் கொஞ்சம் எறங்கியிருக்கு."

"ஆமா தங்கச்சி. வயிறு கீழ வந்ததால மூஞ்சி முன்னால பூடுச்சி. நடுவுல அண்டக் குடுக்கணும்."

உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே அண்டக் கொடுக்க நான் வாங்கி வைத்திருந்த ரப்பர் வில்லைகள் மெத்தென்று இருந்தன, அழுத்தினால் நசுங்கின. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கணவர் உள்ளே போய், தன் டிரெய்லரில் மாற்றிய பழைய மட்கார்டு ரப்பரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"கன்டெய்னர் லோடு ஓட்டுன ரப்பரு. உன் பொம்மைக் காரைத் தாங்காதா?"

வெட்டுவதற்கு அக்கா தன் மீன் கத்தியைக் கொடுத்தார். கதவுக்குக் கீழே ஜாக்கி வைத்து ஒவ்வொரு திருகாக ஏற்றி, ரப்பர் துண்டுகளைச் செருகிக்கொண்டு வந்தேன். முன்பக்க ஓட்டை நகர்ந்து நகர்ந்து பின்னால் வந்தது. பாய் போல்ட்டை விட்டார். ஸ்பானர் தேவைப்படாமல் விரலிலேயே திருகி இறங்கியது. நான் தரையில் படுத்தபடியே கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தெருவில் கைதட்டினார்கள்.

எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு பாய் குறுக்குக் குழாய்களை அறுத்து எடுத்தார். கதவைத் திறந்து மூடினார். டப். கனமான, சுத்தமான சத்தம். மறுபடி திறந்து மூடினார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒருமுறை மூடிப் பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை வந்தார்.

எஞ்சின் இல்லை, சீட் இல்லை, பெயின்ட் இல்லை. ஆனாலும் அப்படியே விட மனம் வரவில்லை. ஸ்டீயரிங்கை மட்டும் மாட்டிவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் கவிழ்த்த மீன் கூடையின் மேல் அக்கா ஏறிக்கொண்டார்.

"தள்ளுங்கடா!"

தெரு கடல் பக்கம் லேசாகச் சரிவு. கார் நாங்கள் நினைத்ததைவிட வேகமாக உருண்டது. காற்று முகத்தில் அடித்தது. அக்கா ஒரு கையால் கொண்டையையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு சின்னப்பெண் மாதிரி சிரித்தார். தெருமுனை கிட்டே வந்தது.

"போதும், நிறுத்துமே!"

"பிரேக் இன்னும் மாட்டல யக்கா!"

"அடிப்பாவி!" என்று அவர் அலறியதும், காரின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த தம்பிகள் படகை இழுத்து நிறுத்துவதுபோல் காலை ஊன்றிச் சாய்ந்தார்கள். கார் தெருமுனைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அக்கா இறங்கவில்லை. மூச்சு வாங்க, கலைந்த தலையோடு பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா நிக்கிறீங்க? மேட்டாண்ட இட்டுகினு போங்க, இன்னொரு தபா வரலாம்."